விட்டுவிடும் என்று நான் சொன்ன மழை

என் அண்ணாவுக்கு,

நீ ஏறிய அந்த இமயமலைச் சரிவின் வானிலையை இன்றும் போனில் பார்த்தேன். காலையில் வெயில். பத்து மணிக்கு மேகம். மதியம் ஆலங்கட்டி. பிறகு கொஞ்சம் வெயில், உடனே பனி. அங்கே வசந்தம் இப்படித்தானாம். நம்பவே கூடாதாம். எம்.ஏ. வரை படித்தவள் இதை மட்டும் நீ போன பிறகுதான் படித்தேன்.

இங்கே ஜோகுபாளையத்தில் நேற்று இந்த வருடத்தின் முதல் மழை. நாலு மணிக்கு இருட்டியது, ஐந்துக்குள் விட்டது. பைக்கில் போனவர்கள் எல்லோரும் மேம்பாலத்துக்குக் கீழே நின்றார்கள். யாருக்கும் பதற்றமில்லை. பெங்களூர்க்காரர்களுக்கு மழை என்றால் அவ்வளவுதானே. ஒதுங்கி நிற்பது, விட்டதும் கிளம்புவது. உனக்கும் எனக்கும் வேறு மழை தெரியாது.

போன மார்ச்சில், அந்தச் சரிவில் டவர் கிடைத்த ஒரே இடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டாய். பீன்யா ஃபேக்டரியில் உன்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்த நண்பன் மஞ்சுவும் மற்ற மூவரும் கைடோடு கூடாரத்தை நோக்கி நடந்துவிட்டிருந்தார்கள்.

“பாப்பு, இப்பதான் வெயிலடிச்சிட்டிருந்தது, அதுக்குள்ள மழ. இந்த மலையும் உன்ன மாதிரிதான், நிமிஷத்துக்கு ஒரு மூட்.”

“போண்ணா. எங்க நிக்கிற?”

“ஒரு பாறைக்குக் கீழ. ஓடிப்போய் மஞ்சுவ பிடிச்சிடட்டா?”

“வேணாம், நனையாத. அங்கயே நில்லு. ஒன் அவர்ல விட்டுடும்.”

“சரி மேடம்.”

அதுதான் கடைசி. சொல்லும்போது சிரித்தாயா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

மழை விடவில்லை. பனியாக மாறியது. கூடாரம் அரை மணி நடைதானாம். உன்னைத் தேடிக் கிளம்பியவர்கள் பாதி வழியில் கண் தெரியாமல் திரும்பினார்கள். மறுநாள், நல்ல வெயிலில், பாறைக்குக் கீழே இருந்தாய். பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல.

நான் சொல்லாமலிருந்தால் ஓடியிருப்பாயா? இல்லை, நீயே நின்றிருப்பாயா?

நீ என்னைக் கூப்பிட்டதே அம்மாவுக்குத் தெரியாது. மஞ்சு உன்னை விட்டுவிட்டு வந்தான் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை வருகிறான். அம்மா உள்ளே கூப்பிடுவதில்லை, தண்ணீர் கொடுப்பதில்லை. போன வாரமும் வாசலில் நின்றான்.

“ஆன்ட்டி, பின்னாலயே வர்றேன், நீ போடான்னான். நான் ஒருவாட்டி திரும்பிப் பாத்திருக்கணும். தப்பு என்துதான்.”

“அஞ்சு பேர் போனீங்க, நாலு பேர் வந்தீங்க. எம்மவன் மட்டும் ஏன்டா அங்க நின்னான்? அத சொல்லு மொதல்ல.”

அவனுக்குப் பதில் தெரியாது. தெரிந்தவள் கதவுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து, மறுபடி மடித்தாள்.

அவன் பாதியாகிவிட்டான் அண்ணா. வேலைக்கும் ஒழுங்காகப் போவதில்லையாம். அவனை வெறுப்பதால்தான் அம்மா எழுந்து நடமாடுகிறாள், அதுவும் இல்லையென்றால் படுத்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வருடமாக. கோழைகளுக்கு எப்படியோ நல்ல காரணங்கள் கிடைத்துவிடுகின்றன.

நாளை ஞாயிறு. மஞ்சுவை நானே வரச் சொல்லியிருக்கிறேன். உள்ளே உட்காரவைப்பேன். அம்மா எதிரில் சொல்வேன், உன்னை அங்கே நிற்கச் சொன்னது நான் என்று. அதன் பிறகு அம்மா என் முகத்தைப் பார்ப்பாளா, தெரியாது. பார்க்காவிட்டாலும் சொல்வேன். பின்வாங்கிவிடுவேனோ என்ற பயத்தில்தான் இதை இத்தனை பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

உன்னை நிற்கச் சொன்ன
உன் தங்கை