துண்டுக்குள் பேசிய விலை

சேசு மரி சூசை

ஆம்பூர்
12-8-1934

என் மகன் சிரஞ்சீவி லூர்துசாமிக்கு அப்பா எழுதுவது. இவ்விடம் நானும் உன் அம்மாவும் தேவகிருபையால் உடம்புக்குச் சுகமாயிருக்கிறோம், மனசின் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். பட்டணத்தில் நீ சுகமாயிருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையிலும் வேண்டிக்கொண்டேன், எவ்வளவு கோபமிருந்தாலும் அதை வேண்டாமல் எழுந்து வர முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது கம்மி. உன் தங்கை மரியம்மாளுக்கு இது ஐந்தாம் மாசம், பள்ளிகொண்டாவிலிருந்து மாப்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனார். பாலாற்றில் முழங்கை ஆழம் தோண்டினாலே ஊற்று வருகிறது. இதெல்லாம் நீ நோட்டீஸில் அச்சடிக்க உதவாத சங்கதி, அதனால் தாராளமாக எழுதுகிறேன்.

ஆமாம், உன் நோட்டீஸ் ஆம்பூருக்கு வந்து சேர்ந்தது. கணக்குப் பரீட்சை தேறியவன் யாரிடமும் சம்பளத்துக்கு நிற்க மாட்டேன், பெரியமேட்டில் மாடியறை பிடித்துச் சின்ன தோல் வியாபாரிகளுக்குக் கணக்கெழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது அம்மா பயந்தாள், செய்யட்டும் என்று சொன்னவன் நான். அதற்குப் பிறகு நீ எழுதின கடிதம் ஒவ்வொன்றிலும், அப்பா இந்த வாரம் சந்தை எப்படி, பச்சைத்தோல் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டாய். தோல் நாற்றம் அடிக்கிறது என்று நான் குளித்து வரும்வரை பக்கத்தில் உட்காராத பிள்ளை, இப்போது அப்பன் வேலையைப் பற்றி அக்கறையாய் விசாரிக்கிறானே என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன் லூர்து. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் இஷ்தியாக் அகமது சாயபுவுக்காகச் சந்தையில் நின்று விலை பேசுகிறவன். விற்கிறவன் கையை என் துண்டுக்குள் பிடித்து, விரலாலேயே விலை பேசி முடிப்பேன், ஒட்டி நிற்கிறவனுக்கும் தெரியாது. சின்ன வயதில் அந்தத் துண்டுக்குள் கையை விட்டு விளையாடியவன் நீ. இருபத்தாறு வருஷம் உன் அம்மாவிடம்கூடச் சொல்லாத விலையைப் பெற்ற பிள்ளை அந்நியனா என்று உனக்கு எழுதினேன். நீ அதை வாராவாரம் அச்சடித்து, உன்னிடம் கணக்கெழுத வருகிறவர்களுக்கு இனாமாகக் கொடுத்து ஆள் சேர்த்திருக்கிறாய்.

நம் சாயபு பதம் போட்ட தோலை விற்கப் பெரியமேட்டுக்குப் போனால் வாங்குகிறவர்கள் அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, பச்சைத்தோலை இன்ன விலைக்குத்தானே வாங்கினீர்கள், இவ்வளவு ஏன் கேட்கிறீர்கள் என்று அடித்துப் பேசியிருக்கிறார்கள். சாயபு ஒரு தாளை வாங்கிவந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது உனக்குத் தெரியும். என்னைக் கூப்பிட்டு, "இதுல இன்னா போட்டுக்கீது, படி இருதயம்" என்றார். படித்தேன். விலை எல்லாம் நம் விலை. நடுவில், இந்த வாரம் தோலைவிட உப்பைத்தான் ஜாஸ்தி வாங்கினோம் என்று ஒரு வரி. தோல் கெடாமலிருக்க அப்பி வைத்திருந்த உப்பைப் பற்றி நான் உனக்கு வேடிக்கையாய் எழுதினது. கடைசி வரியில் உன் பெயரும் ஆபீஸ் விலாசமும் இருந்தது. அந்த ஒரு வரியை நான் வாசிக்கவில்லை. அவ்வளவுதான் பாய் என்று மடித்துக் கொடுத்துவிட்டேன்.

சந்தையில் என்னோடு நிற்பது தோல் எண்ணுகிற சத்தார் ஒருவன்தான். வேறு யார் விலையைச் சொல்லியிருப்பார்கள் என்று சாயபு அன்று மத்தியானமே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். சத்தார் குர்ஆன்மேல் சத்தியம் செய்தான், நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீ பரீட்சைக்குப் போனபோது ஸ்டேஷன் வரை உன் பெட்டியைச் சுமந்து வந்தவன் அவன். மூன்று நாள் கழித்து அவன் பெண்சாதி வஹீதா வீட்டுக்கு வந்து, "அண்ணே, நீங்க சொன்னா சாயபு கேப்பாரு, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அழுதாள். உன் அம்மாவுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நான் அப்படியே சாயபு தோல் பதம் போடுகிற ஷாப்புக்குப் போய், அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, விட்ட வரியை வாசித்தேன்.

சாயபு கத்தவில்லை. சத்தாரைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். என்னிடம், "புள்ள செஞ்சதுக்கு நீ இன்னா பண்ணுவே இருதயம், மூணு நாள் சும்மா இருந்தியே, அதான் எனக்குப் பேஜாரா கீது" என்றார். இந்த வாரச் சந்தைக்கு வேறொருவன் போனான். வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊர் உன்னைச் சொல்கிறதா என்னைச் சொல்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. சத்தார் வேலைக்குத் திரும்பிவிட்டான். என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறான்.

கணக்கெழுதுகிறவனுக்குக் கை சுத்தமாயிருந்தால் போதாது லூர்து, வாயும் கட்டுப்பட்டிருக்க வேண்டும். பெற்றவன் எழுதின கடிதத்தையே விற்றவனிடம் நாளைக்கு எவன் தன் புத்தகத்தைத் திறந்து காட்டுவான்? போன கடிதத்திலும் விலை கேட்டிருந்தாய். இந்த வார விலை எனக்குத் தெரியாது. துண்டு தோளில் சும்மாதான் கிடக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வெளித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. அம்மா உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், கொடுத்தனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னேன், அவள் கேட்க மாட்டாள். உன் ஆபீஸ் நாசமாகட்டும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. மாதா உன்னையும் உன் தொழிலையும் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. சத்தாருக்கு ஒரு கடிதம் எழுது, டைப் அடிக்காமல் கையால் எழுது. அவனுக்கும் தமிழ் வாசிக்க வராது, நான்தான் போய் வாசிக்க வேண்டும், வாசலிலேயே நிற்கவைத்தாலும் நின்று வாசிப்பேன். செய்ததைச் சொல்லி, அடியில் உன் பெயரைப் போடு. இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறேன்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற
ம. இருதயராஜ்