மின்விசிறி ஓடாத அறை

பிப்ரவரி 4
நான் தொகுக்கும் அகராதியில் ‘புனிதம்’ என்ற சொல் இன்னும் முடிந்தபாடில்லை. எல்லா மத நூல்களையும் புரட்டியாகிவிட்டது. எங்கே சுற்றினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: ஓரிடத்தையோ ஒரு நாளையோ மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கிறார்கள். ‘பொதுப் புழக்கத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டது, தொடக்கூடாதது’ என்று எழுதினேன். எழுதியதும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

மாலையில் மனைவி அறையைக் கூட்ட வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டாள். மேசையில் பரப்பியிருந்த சொற்சீட்டுகள் எல்லாம் பறந்தன. கத்தினேன்.

“சாமி இருக்கிற இடத்துலகூட ஃபேன் ஓடுதுங்க,” என்றாள்.

பிப்ரவரி 9
மகளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. பயமாக இருக்கிறது. வேறெதுவும் எழுத வரவில்லை.

பிப்ரவரி 24
அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். தொற்று வந்துவிடக்கூடாது, தனி அறையும் நல்ல காற்றும் வேண்டும் என்கிறார் டாக்டர். இந்த வீட்டில் அப்படி இருப்பது ஒரே அறை. யாருடையது என்று வேறு சொல்ல வேண்டுமா?

“இந்த ஒரு சொல் முடியட்டும், காலி பண்ணிடறேன்,” என்றேன் போனில் மகளிடம்.

“வேணாம்ப்பா. மாமியார் வீட்டுக்கே போயிடறேன்,” என்றாள். அங்கே இடமில்லாமல் படுப்பதற்கே முறை வைப்பார்கள்.

மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்த சத்தத்தில் எல்லாம் இருந்தது.

பிப்ரவரி 25
நானெல்லாம் ஒரு மனுஷனா? காகிதத்துக்கு இடம் இருக்கு, பச்சப்புள்ளைக்கு இல்லையா? படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் — நான் வீட்டையே கெடுக்கப் பார்த்தேன்.

காலையில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் மகளைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்றாள். சீட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு சமையலறை மேசைக்குக் குடிபெயர்ந்தேன்.

மார்ச் 3
பேத்தி வந்துவிட்டாள். அறைக்கு மகள் சட்டம் போட்டிருக்கிறாள்: செருப்பு வெளியே, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும். என் சட்டங்களைவிடக் கடுமை. மின்விசிறி மட்டும் ஓடுகிறது.

கழுவாமல் நுழையப் பார்த்தேன். “அப்பா, வெளிய,” என்றாள். என் அறையிலிருந்து என்னையே. திரும்பிப் போய்க் கழுவினேன்.

மார்ச் 8
‘புனிதம்’ சீட்டில் எண்ணெய்க் கறை. யாரையும் திட்டவில்லை. அடுப்பிலிருந்த சட்டியல்ல, வடை தின்ற என் விரல்தான் காரணம்.

மார்ச் 19
பதிப்பாசிரியர் போன் செய்தார். “என்ன சார், ஒரு சொல்லுக்கு இவ்வளவு நாளா?”

எழுதியதை எடுத்துப் பார்த்தேன். குழந்தையைத் தொடாமல் இருக்கவா விலக்கி வைத்திருக்கிறோம்? தொடுவதற்காகத்தானே ஆளாளுக்குக் கை கழுவிக்கொண்டு நிற்கிறோம்? ‘தொடக்கூடாதது’ என்பதை அடித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பெரிய பண்டிதன்.

ஏப்ரல் 21
எடை நன்றாக ஏறியிருக்கிறது. “இனிமே அவ்வளவு கட்டுப்பாடு வேணாம், ஹால்லயே போடுங்க,” என்றாராம் டாக்டர்.

“உங்க ரூம் உங்களுக்குப்பா,” என்றாள் மகள்.

சீட்டுகளோடு போய் உட்கார்ந்தேன். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்தேன். மகள் குழந்தையை என்னிடம் நீட்டினாள். நான் குழாய்ப் பக்கம் திரும்பினேன்.

“டாக்டர்தான் வேணாம்னுட்டாரே, எங்க போறீங்க?” என்றாள் மனைவி.

சோப்புப் போட்டு, விரலிடுக்கு விடாமல் கழுவிவிட்டு வந்துதான் வாங்கிக்கொண்டேன்.