மேலே யார் பெயர்

சௌபாக்கியவதி சுருளியம்மாளுக்கு, சூரியநெல்லியிலிருந்து உன் வீட்டுக்காரன் சொல்லி எழுதுவது. இருமல் குறைந்துவிட்டது, பயப்படாதே. மேலே இருப்பது உன் பெயர்தானா என்று, இதை எழுதித் தரும் சங்கையா மகளை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். காரணம் இருக்கிறது.

வெள்ளம் மூணாறு ரயில் பாதையை அடித்துப்போன வருசம், கங்காணி யாரையும் ஊருக்கு விடவில்லை. தோட்டத்துத் துரைக்கு மனு போட்டோம். எழுதினவன் உன் தம்பி பழனிச்சாமி. "தொரைக்குன்னா மொத எழுத்தப் பெருசாப் போடணும் மச்சான்" என்றான். எழுத்து கட்டைவிரல் அகலம் இருந்தது. நம்பிக் கைநாட்டு வைத்தோம்.

மறுநாள் கங்காணி மனுவை ஆட்டிக்கொண்டே வந்தான். "தொரைக்கா எழுதுனீங்க? 'கங்காணி ஐயா அவர்களுக்கு'ன்னு எம்பேருல்லடா இருக்கு!" என்று சிரித்தான். எங்களை ரத்தம் உறிஞ்சும் அட்டைக்காட்டுக்கு வேலைக்கு அனுப்பினான். உன் தம்பிக்கு ஆபீசில் வேலை கொடுத்தான். உன் மனசு நோகுமென்று இத்தனை காலம் சொல்லவில்லை.

இப்போது உன் தம்பி நம் பேத்தியைத் தன் பேரனுக்குக் கேட்டு வருகிறானாம். கொடுக்காதே.

போடிமெட்டு ஏறி வருகிறவர்களிடம் கருப்பட்டியும் உன் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடு, போர்த்திக்கொள்ள.

அவன் இல்லையென்று சாதித்தால், கம்பத்தில் போய்க் கேள். கைநாட்டு வைத்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு அங்கே இருப்பது, அந்த வருசம் பேறுகாலத்துக்கு ஊர் போக முடியாமல் இந்த மலையிலேயே பிள்ளையைப் புதைத்த அழகுத்தாய்.