சுவரில் திறந்த குழி

மார்ச் 3

அன்புள்ள சமையல்காரருக்கு,

இருமல் விட்டதா? மருந்து செய்கிறவருக்கு மருந்து குடிக்க மட்டும் கசக்கிறது.

நேற்று நம் மகள் என் கணினித் திரையை எட்டிப் பார்த்து, "என்னம்மா பண்றே?" என்றாள். "இந்த ரெண்டு புரதமும் ஒட்டிக்கிட்டா உடம்புல கட்டி வளருது. நடுவுல ஒரு குட்டி மூலக்கூறை நுழைச்சுப் பிரிக்கப் பாக்குறேன்" என்றேன். "அப்பாவையும் அப்படித்தான் பிரிச்சு வச்சிருக்கியா?" என்கிறாள். உங்கள் வாய் அப்படியே.

தொல்லை என்னவென்றால், அவற்றில் ஒரு புரதத்தின் முகம் சுவர் மாதிரி மொழுமொழுவென்று இருக்கிறது. மூலக்கூறு பிடித்துக்கொள்ள இடமே இல்லை. அதனால் கணினியில் அதை அசையவிட்டுப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு குழி திறந்தது, உடனே மூடிக்கொண்டது. அந்தக் குழிக்கென்றே வரைந்த மூலக்கூறின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். செய்து அனுப்புங்கள். இதுவும் வேலை செய்யாவிட்டால் திட்டத்தையே மூடிவிடலாம் என்று நிறுவன இயக்குநர் சொல்லிவிட்டார். மூடினால் உங்கள் ஆய்வகமும் போகும்.

உங்கள்,
படம் வரைபவள்


மார்ச் 21

அன்புள்ள படம் வரைபவளுக்கு,

இருமல் போயிற்று. இப்போது இடுப்புவலி. காரணம் நீதான்.

திரையில் வளையத்துக்கு மேல் வளையத்தை ஒட்டிவிட்டு நீ நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டாய். இங்கே குடுவையில் தார்தான் மிஞ்சியது. பக்கத்து மேசைப் பெரியவர் உன் படத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சிக்கு நம்ம மேல ஏதாவது கோபமாப்பா?" என்று கேட்டார். வழியை மாற்றி மாற்றி, ஒருவழியாக வெள்ளைப் பொடியாக வந்தது. அதுவும் வலக்கை இடக்கை மாதிரி இரண்டு வடிவமாகக் கலந்து வந்தது. பிரித்தெடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

நீ கேட்ட வடிவம் சிவப்பு மூடிக் குப்பியில். மற்றதைக் கொட்ட மனம் வரவில்லை. நீல மூடியில் போட்டிருக்கிறேன்.

மகளிடம் சொல், அப்பாவை யாரும் பிரிக்கவில்லை, வேலைதான் பிடித்து வைத்திருக்கிறது என்று. நம்புவாளா தெரியாது.

உன்னவன்


ஏப்ரல் 4

என் அன்பானவருக்கு,

சிவப்பு மூடி ஒன்றுமே செய்யவில்லை. சோதனை செய்கிற தோழியின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் தேடி வந்து, "அந்த நீலத்தையும் போட்டுப் பாத்துடலாமே, சோதனைத் தட்டுல இடம் சும்மாதானே கிடக்கு" என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு புரதமும் தனித்தனியாக நின்றன. நம்பாமல் மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் அதே முடிவு.

பிறகு கணினியில் அந்த வடிவத்தை வைத்து ஓட்டிப் பார்த்தேன். குழி நான் கண்டதைவிட அகலமாகத் திறந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், காபி ஆறிப்போனது தெரியாமல்.

இது மருந்தாக இன்னும் எத்தனையோ வருடம் ஆகும். ஆனால் திட்டம் பிழைத்துக்கொண்டது. இயக்குநர், "இனிமே ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்தாத்தான் வேலை ஓடும். யார் யாரு இடத்துக்குப் போறீங்க?" என்றார். உங்களைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டேன். உங்கள் குடுவைகளைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, என் கணினியைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே வரலாம். கோபமில்லையே?

உங்கள்,
நான்


ஏப்ரல் 12

என் கண்ணே,

கோபமா? உன் கடிதத்தைப் பெரியவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இன்று வீடு பார்த்தேன். இரண்டு அறை, நல்ல வெளிச்சம். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். குழாய் மட்டும் ஒழுகுகிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்கார அம்மா, "எத்தனை பேர் இருப்பீங்க?" என்று கேட்டார். "மூணு பேர்" என்றேன்.

கொஞ்சம் நின்று மறுபடியும் சொன்னேன். அவருக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.

உன்னவன்