கையெழுத்துப் போட்ட தவறு

12.6.1963, புதன்.

இதை நானே எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகியவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் இனிக்கிறது. ஆனால் இன்று மனம் சரியில்லை.

இந்தியாவிலிருந்து வந்து என் சலூனில் முடிவெட்டும் முத்தையாவின் இலங்கை விசா இந்த மாதத்தோடு முடிகிறது. அதை நீடிக்கக் கேட்கும் விண்ணப்பத்தில் ஆசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். பழைய காகிதங்களில் எல்லாம் என் பெருவிரல் அடையாளம்தான் இருக்கிறது. "இது வேற ஆள் போட்டது" என்று விசா கொடுக்கும் கந்தோர் ஐயா இன்று திருப்பித் தந்துவிட்டார். "நான்தாங்க, இப்பதான் எழுதப் பழகினேன்" என்றேன். அவர் நம்பவில்லை.

ஆள் வராத மத்தியானங்களில் எனக்கு எழுதச் சொல்லித் தந்தவனே முத்தையாதான்.

"ஒங்கள கைநாட்டாவே விட்டிருக்கணும் மொதலாளி" என்று சிரித்தான். பிறகு கத்தியைத் தீட்டிக்கொண்டே, "நான் இங்கேருந்து அனுப்புறதுலதான் ஊர்ல அடுப்பு எரியுது" என்றான்.

இந்தியாவிலிருந்து புதிதாக ஆள் எடுக்க இப்போது விடுவதில்லை. மாத்தளையில் தேடியும் கிடைக்கவில்லை. நடுங்கும் என் கை பேனாவைப் பிடிக்கும், சவரக்கத்தியைப் பிடிக்காது. அவன் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

நாளை முதல் பஸ்ஸில் கந்தோருக்குப் போய், புது விண்ணப்பத்தில் பெருவிரலையே வைக்கப்போகிறேன். எழுதத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்று சொல்வேன்.