சசியின் அறையில் மிளகாய் நாற்று

ஒக்ரோபர் 13, ஊர்காவற்றுறை

சசியின் அறையில் இறாக்கையைப் பூட்டி முடித்துவிட்டேன். மூன்று தட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வெள்ளை லைற். போன மாரியில் முற்றத்து நாற்றுமேடையை மழை அடித்துக்கொண்டு போனது. மிச்சத்தை ஆடு தின்றது. இந்த முறை வீட்டுக்குள் வளர்த்து, மழை விட்டதும் தோட்டக்காரருக்குக் கொடுக்கலாம்.

மாமி வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"அது அவன்ர அறை, பிள்ளை."

"அவர் வரேக்க கழட்டிவிடுறன் மாமி."

என் புருசன் சசி பிரான்சுக்குப் போய் ஆறு வருடம். என்னோடு கதைத்து ஒரு வருடத்துக்கு மேல். தாயோடு மட்டும் எப்போதாவது. அவருக்கு அங்கே வேலை அதிகம் என்கிறார் மாமி. இருக்கலாம்.

ஒக்ரோபர் 20

மிளகாயும் கத்தரியும் போட்டேன். கிணற்றுத் தண்ணீர் உவர், முளைக்கு ஆகாது. பவுசர் வண்டியில் வரும் நல்ல தண்ணீரில் தேங்காய்த் தும்புத்தூளை நனைத்தேன். எனக்குக் குளிக்க மிஞ்சவில்லை. முகம் கழுவிக்கொண்டு படுக்கிறேன்.

ஒக்ரோபர் 29

முளைத்துவிட்டது. விதைத்தோலைத் தலையில் வைத்துக்கொண்டு, கழுத்தை வளைத்தபடி நிற்கின்றன. சந்தோசப்பட வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 6

முன்பள்ளி வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், அறை கும்மிருட்டு. நான் வீட்டை விட்டு இறங்கியதும் மாமி வாசலோரச் சுவிச்சை நிறுத்திவிடுகிறாராம். எத்தனை நாளாக? நாற்றெல்லாம் நூல் மாதிரி நீண்டு, தலை சாய்ந்து கிடக்கிறது.

"ஆளில்லாத அறைக்கு என்னத்துக்கு லைற்?" என்றார்.

"ஆளில்லை எண்டு இண்டைக்குத்தான் தெரியுதோ?"

கேட்டுவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. கேட்டிருக்கக்கூடாதோ? ஏன் கேட்கக்கூடாது? எனக்கும் வாய் இருக்குத்தானே. எத்தின வருசம் பொத்திக்கொண்டு இருக்கிறது!

நவம்பர் 9

எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்ப விதைத்தேன். ஒருவரோடு ஒருவர் கதை இல்லை.

நவம்பர் 17

மண்டைதீவிலிருந்து தர்சினி வந்தாள், சசியின் தங்கை. தாயும் மகளும் குசினி அடுப்படியில் குசுகுசுவென்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் நிறுத்தினார்கள். மாமி எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

"என்ன தர்சினி?"

"ஒண்டுமில்லை மச்சாள்."

"சொல்லும்."

அழத் தொடங்கிவிட்டாள். "உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சனான்…"

அங்கே அவரோடு ஒரு பெண் இருக்கிறாளாம். பிள்ளையும் இருக்கிறதாம். நடக்கத் தொடங்கிவிட்டதாம் –

நான் அறைக்குள் போய் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. காலையிலும் தெளித்ததுதான். தட்டுக்குக் கீழே தண்ணீர் வழிந்து என் காலில் விழுந்த பிறகுதான் நிறுத்தினேன்.

நவம்பர் 18

வேலைக்குப் போகவில்லை. மாமி தேத்தண்ணி கொண்டுவந்து கதிரையில் வைத்தார்.

"உங்களுக்கு எப்பவிருந்து தெரியும்?"

"பிள்ளை பிறக்க முந்தியே."

"ஏன் மாமி சொல்லேல்ல?"

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "சொன்னால் நீ போயிடுவாய்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிசி என்னை ஏமாத்திப்போட்டுது, என்ர வயசைத் திண்டுபோட்டுது எண்டு கத்த வேணும்போல இருந்தது. கத்தவில்லை. இவ்வளவு காலமும் இந்த வீட்டில் நான் போய்விடுவேனோ என்று பயந்த ஆள் இவர் ஒருவர்தான் என்பதும் அதே நேரத்தில் விளங்கியது. அதை என்ன செய்வது?

தேத்தண்ணி ஆறிவிட்டது.

நவம்பர் 28

மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. விடாத மழை. அறைக்குள் எந்த வெளிச்சமும் இல்லை. விடிந்ததும் தட்டுகளைத் தூக்கி விறாந்தையில் வைப்பதும், சாரல் அடித்தால் உள்ளே இழுப்பதும், பொழுதுபட்டதும் திரும்ப அறைக்குக் கொண்டுபோவதுமாக இடுப்பு முறிந்துவிட்டது. இன்று பாரமான தட்டொன்றைத் தூக்கக் குனிந்தேன். மறுபக்கத்தை மாமி பிடித்தார். எல்லாவற்றையும் அறை வாசல்வரை இருவருமாகவே தூக்கினோம்.

பாதி அழுகிவிட்டது.

டிசெம்பர் 8

கிளிநொச்சியிலிருந்து அண்ணை போன் எடுத்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இன்னும் ஏன் அங்க கிடக்கிறாய்? வெளிக்கிட்டு வா."

"நாத்து இன்னும் சின்னன். குடுத்து முடிச்சிட்டு வாறன்."

அதுதான் காரணமா? தெரியவில்லை. களைத்துப்போனேன். யோசிக்கவும் ஏலாது.

டிசெம்பர் 29

மழை விட்டுவிட்டது. தப்பிய நாற்றெல்லாம் கணுக்கணுவாகத் தடித்து, கரும்பச்சையாக நிற்கிறது. அன்ரனிட்டா அக்கா வந்தார். பின்வளவுத் தோட்டத்தில் மிளகாய் வைப்பவர். ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். "நல்ல வேர் பிள்ளை. இவ்வளவையும் எனக்கே தாரும்."

நாற்றெல்லாம் அவரோடு போய்விட்டது. வெறும் இறாக்கைக்கு முன்னால் நின்றேன். மாமி முதல்முறையாக அறைக்குள் வந்தார்.

"நீ போறதெண்டால் போ பிள்ளை. எனக்காக நிக்காத. நான் செய்தது பிழைதான்."

உடுப்புகளை எடுத்து வைத்தேன். மாமி அவற்றை ஒவ்வொன்றாக மடித்துத் தந்தார்.

ஜனவரி 19, கிளிநொச்சி

அண்ணை வீட்டில் நல்ல நித்திரை. நல்ல தண்ணீர். ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. அண்ணி என்னை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. விருந்தாளி மாதிரி இருக்கிறேன்.

சசி போன் எடுத்தார். இவ்வளவு காலத்துக்குப் பிறகு. "கோபி, நான் சொல்லத்தான் இருந்தனான்…" என்று தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "சரி, இனி எடுக்க வேண்டாம்" என்று வைத்துவிட்டேன்.

பின்னேரம் மாமி எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"பிள்ளை, நீ விட்டுட்டுப் போன கத்தரி விதையைப் போட்டனான்."

"எங்க?"

"அறைக்குள்ளதான். லைற்றைப் போட்டுத்தான் வைச்சிருக்கிறன். முளைச்சிட்டுது. ஆனால் ஒவ்வொரு குழியிலயும் ரெண்டு ரெண்டாய் நிக்குது. எதைப் பிடுங்கி எறியிறது எண்டு தெரியேல்ல."

"ஒண்டையும் பிடுங்காதேங்கோ மாமி. நான் வந்து பிரிச்சு நடுறன்."

மெதுவாக "ஓம்" என்றார்.

ஊர்காவற்றுறைக்குக் காலையில் முதல் பஸ் எப்போது என்று அண்ணையிடம் கேட்டேன்.