தறிக்காரர் மகளும் ஏழு சீர்த்தட்டும்

நாமக்கல்
2.6.2025

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை கந்தவேல் அவர்களுக்கு,

லாரிக்கூண்டு கட்டும் பேரரசனும் உங்கள் மனைவியின் ஒரே அண்ணனுமாகிய ஜெகதீஸ்வரன் எழுதுவது. நான் நலம். நலமில்லாதது என் செல்போன்தான். நீங்கள் என் நம்பரை பிளாக் செய்த நாளிலிருந்து அது சார்ஜ் ஏற மறுக்கிறது. ஆகவே அரசர் வழக்கப்படி ஓலை. பள்ளிபாளையம் பஸ் கண்டக்டர் தூதுவர்.

உங்கள் மகளும் என் மருமகளுமான கிருத்திகா விமானப்படையில் பைலட் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டாள். ஜூலை முதல் வாரம் ஐதராபாத்தில் இருக்க வேண்டும். நீங்களோ ஜூன் 16 அன்று உப்புச் சர்க்கரை மாற்றி, போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரருக்கு அவளை நிச்சயம் செய்ய நாள் குறித்துவிட்டீர்கள். பயிற்சியை விட்டுவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டார் கட்டளையாம்.

நாள் பார்த்துக் கொடுத்த புண்ணியவான் யார்? 1963-இல் அதே ஜூன் 16-இல்தான் வாலண்டினா என்ற ரஷ்யப் பெண் விண்வெளிக்குப் போனாள். உலகத்தில் முதல் பெண். அதற்கு முன் எங்கே வேலை பார்த்தாள் தெரியுமா? பஞ்சாலையில்! உங்கள் எட்டுத் தறிச் சத்தம் கேட்டால் ராக்கெட்டே காதைப் பொத்திக்கொள்ளும். அதில் வளர்ந்தவளுக்கு வானம் எம்மாத்திரம்? அந்தம்மா பூமியை நாற்பத்தெட்டு சுற்று சுற்றினாள். அதுவரை மேலே போன அமெரிக்கர் ஆறு பேர் நேரத்தையும் கூட்டினாலும் இவள் ஒருத்தி நேரத்துக்கு வராது. இது மட்டும் என் கப்சா இல்லை. அவள் படம் போட்ட ரஷ்யப் பத்திரிகைத் தாளில்தான் என் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டிருந்தேன். உள்ளே ஒன்பது மார்க், வெளியே விண்வெளி.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: பதினாறாம் தேதி தாய்மாமன் சபைக்கு வரமாட்டான். ஏழு சீர்த்தட்டும் வராது. மாமன் இல்லாமல் உப்புச் சர்க்கரை மாற்றிய வீடு நம் வகையறாவில் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

எட்டுத் திக்கும் லாரி அனுப்பும்,
ஜெகதீஸ்வரன்


பள்ளிபாளையம்
5.6.2025

மச்சானுக்கு வணக்கம்.

கண்டக்டர் உங்கள் ஓலையைப் பஸ்ஸில் பாதிப் பேருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். அடுத்த முறை ஒட்டி அனுப்புங்கள்.

அந்தம்மா கதை எனக்கும் தெரியுங்க. கிருத்திகாவே சொன்னதுதான். ரஷ்யாக்காரனுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் வீம்பு. மில்லில் வேலை பார்த்தவள், அப்பன் போரில் செத்தவன் என்றால் கட்சிக்குப் பெருமை. அதற்குத்தான் அவளைப் பொறுக்கினார்கள். கூடப் பயிற்சி எடுத்த நாலு பெண்கள் கடைசிவரை போகவே இல்லை. அப்புறம் பத்தொன்பது வருஷம் ஒரு பெண்ணையும் அனுப்பவில்லை. கொடி காட்டி முடிந்ததும் மடித்து வைத்துவிட்டான்.

என் மகளையும் அப்படி மடித்து வைத்தால் என்னங்க பண்றது? முப்பது வயதில் வெறுங்கையோடு வந்து நின்றால் யாருங்க கட்டுவாங்க? உங்களுக்கு இது வேடிக்கை. எனக்கு ஒரே புள்ளை.

நீங்க வராட்டியும் பதினாறாம் தேதி நடக்கும்.

கந்தவேல்


நாமக்கல்
9.6.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதம் லாரிக்கு ஒட்டும் பசையால் ஒட்டப்பட்டது. கண்டக்டர் மனமுடைந்துவிட்டார்.

நீங்கள் சொன்னது சரி, முழுக்கச் சரி. வீம்புக்குத்தான் அனுப்பினார்கள். ஆனால் வீம்புக்குத் திறந்த கதவானாலும் உள்ளே போனவள் நிஜமாகத்தானே போனாள்? மேலே குமட்டி வாந்தி எடுத்தது கட்சியா, அவளா?

அமெரிக்காவிலும் ஒரு கூத்து. பதிமூன்று பெண்கள் மருத்துவச் சோதனையெல்லாம் தேறினார்கள். ஜெட் விமானத்தைச் சோதித்து ஓட்டியவர்தான் மேலே போகலாம் என்றது சர்க்கார். அந்த வேலைக்குப் பெண்களை விட்டதே இல்லை! இன்றைக்கு நம் நாடும் விண்வெளிக்கு விமானப்படையில் இருந்துதான் ஆள் எடுக்கிறது. முதலில் எடுத்த நாலு பேரும் ஆண்கள். அந்த வரிசையின் வாலில் போய் நிற்கத்தான் நம் புள்ளை கேட்கிறாள். வரிசைக்கே விடமாட்டேன் என்கிறீர்கள்.

இன்னொன்று. வாலண்டினா தன் தாயிடம் பாராசூட் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அத்தனை ரகசியம். மகள் வானத்தில் இருப்பதை ஊரார் சொல்லித்தான் தாய் அறிந்தாள். கிருத்திகாவுக்கும் அப்படி ஒரு பொய்யை வார்னிஷ் அடித்துத் தயாராக வைத்திருந்தேன்: கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. "வேண்டாமுங்க மாமா, அப்பாகிட்ட நின்னு சொல்லிட்டுத்தான் போவேன்" என்றுவிட்டாள். அவள் செய்த ஒரே குற்றம் அதுதான்.

வரமாட்டேன், வரமாட்டேன், வரமாட்டேன்.

ஜெகதீஸ்வரன்


பள்ளிபாளையம்
17.6.2025

மச்சானுக்கு,

நேற்று இருபது பேர் வந்தார்கள். உப்பும் சர்க்கரையும் கூடையில் சபைக்கு வந்தன. "ஏனுங்க, பொண்ணோட மாமன் எங்கீங்க?" என்று அவர்கள் பெரியவர் கேட்டார்.

"காய்ச்சலுங்க, எந்திரிக்க முடியலீங்க" என்றேன்.

உங்கள் தங்கச்சி பக்கத்தில் கிருத்திகா நின்றிருந்தாள். "மாமாவுக்கு ஒண்ணுமில்லீங்க. நான் பைலட்டாகப் போறேனுங்க, அதைத் தடுக்கறாங்கன்னுதான் வரலைங்க. எனக்கும் இதுல சம்மதமில்லீங்க" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"சபையில அப்பனப் பொய்யனாக்கற புள்ள, நம்மூட்டுக்கு ஆகாதுங்க" என்றார் பெரியவர்.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "பொய் சொன்னது நானுங்க. புள்ள நெசத்தச் சொன்னா" என்றேன். எழுந்து போய்விட்டார்கள். விட்டுப்போன உப்பை எடுத்து உங்கள் தங்கச்சி ரசத்தில் போட்டாள்.

சம்மதம் என்று மட்டும் எழுத மாட்டேன். உங்கள் லாரிப் பட்டறையில் தண்டோரா போட வேண்டாம். உங்கள் நம்பரும் பிளாக்கில்தான் இருக்கும்.

ஜூலை மூன்றாம் தேதி, ஈரோட்டில் ஐதராபாத் ரயில். மாமன் சீர் இல்லாமல் பெண்ணைப் படியிறக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஏழு தட்டுங்க. ஒன்று குறைந்தாலும் வண்டி ஏற விடமாட்டேன்.

கந்தவேல்